முழு நம்பிக்கை

மருமகன்: குடுங்க மாமா. ஒரே ஒரு நிமிஷம்.

மாமனார்: நான் இன்னும் செருப்பே கழட்டல மாப்பிள்ளை. வாசல்ல மறிச்சு போனைக் கேட்டா... வழிப்பறின்னு அக்கம்பக்கத்துல நினைச்சுக்குவாங்க.

மருமகன்: ஐயையோ, உள்ள வாங்க. வாங்க, வாங்க. இப்படி உட்காருங்க. காத்தாடி போடறேன்... ம்ம். இப்பக் குடுங்க.

மாமனார்: எதை?

மருமகன்: போனைத்தான்.

மாமனார்: உங்க போனுக்கு என்ன ஆச்சு?

மருமகன்: அது நல்லாத்தான் இருக்கு. சொன்னதையெல்லாம் அனுப்பிடுது. அதான் பிரச்சினையே.

மகள்: யாருங்க அது? அப்பாவா? நான் அடுப்படியில இருக்கேம்ப்பா! கதவு வழியாத் தெரியுதே, என்ன, இவ்ளோ பெரிய பை?

மாமனார்: சும்மாதாம்மா... உங்களையெல்லாம் பார்த்து நாளாச்சே, ஒரு ரெண்டு நாள் இருந்துட்டு...

மகள்: மேல இஸ்திரிப் பெட்டி எட்டிப் பார்க்குது?

மாமனார்: கசங்கின சட்டையோட உன் வீட்டுல இருந்தா உனக்குத்தானேம்மா கேவலம்?

மகள்: அம்மாகிட்ட சொல்லிட்டு வந்தீங்களா?

மாமனார்: அவ தூங்கிட்டிருந்தா.

மகள்: காலை பதினோரு மணிக்கா?

மாமனார்: ...நான் கிளம்பறப்ப கண்ணை மூடியிருந்தா. தலை துவட்டிக்கிட்டிருந்தாளோ என்னவோ. டீ போடும்மா.

மகள்: ஆளுக்கு ஒண்ணாப் போடவா? இல்ல, ரெண்டு பேரும் சண்டையை முடிச்சப்புறமாப் போடவா?

மருமகன்: சண்டையெல்லாம் ஒண்ணும் இல்ல! மாமா, நேராவே கேட்டுடறேன். என்னைக் கோச் வேலையை விட்டுத் தூக்கத்தானே வந்திருக்கீங்க?

மாமனார்: நானா?

மருமகன்: கிளப் தலைவர் நீங்கதானே? நேத்தோட ஆறு மேட்ச் வரிசையாத் தோத்தாச்சு. இன்னிக்குக் காலையில கமிட்டி கூடிச்சு. கூடி முடிச்ச கையோட நீங்க இங்க வந்து நிக்கறீங்க. ரெண்டும் ரெண்டும் நாலுன்னு எனக்குத் தெரியாதா?

மாமனார்: தெரிஞ்சும் ஏழு கோல் விட்டீங்களே மாப்பிள்ளை.

மருமகன்: பார்த்தீங்களா, பார்த்தீங்களா... ஆரம்பிச்சுட்டீங்க. சரி. எது வேணும்னாலும் சொல்லுங்க. அந்த ரெண்டு வார்த்தையை மட்டும் சொல்லிடாதீங்க.

மாமனார்: எந்த ரெண்டு வார்த்தை?

மருமகன்: தெரியாத மாதிரி கேக்காதீங்க. "முழு நம்பிக்கை."

மாமனார்: அது நல்ல வார்த்தைதானே?

மருமகன்: ஊருக்கு நல்ல வார்த்தை. நம்ம கிளப்புல அது எமனோட வண்டிச் சத்தம். குடைக்கார கோச் ஞாபகம் இருக்கா? மைக்கைப் பிடிச்சு, "எங்க கோச் மேல எனக்கு முழு நம்பிக்கை இருக்கு"ன்னீங்க. கூட்டம் கைதட்டி முடிக்கல, அவர் அறைப் பூட்டை மாத்திட்டாங்க. உள்ள குடை மாட்டிக்கிச்சு. மனுஷன் மழையிலயே போனார்.

மாமனார்: அது சம்பிரதாயம் மாப்பிள்ளை. ஒருத்தரை அனுப்பறதுக்கு முன்னாடி நாலு நல்ல வார்த்தை சொல்லி அனுப்பணும் இல்லியா?

மருமகன்: அழுமூஞ்சி கோச் இருந்தாரே, அவர் நீங்க மைக் பக்கம் நடந்ததைப் பார்த்தே மயங்கி விழுந்தார். நீங்க அன்னிக்கு "வண்டி நிறுத்தற இடத்துல விளக்கு எரியுது, அணைங்க"ன்னு சொல்லத்தான் போனீங்க.

மாமனார்: எழுப்பினப்புறம் அவருக்கும் முழு நம்பிக்கையைச் சொல்லிட்டேன். எப்படியும் விழுந்தாச்சேன்னு.

மருமகன்: என்ன மாமா இது, விசில் சத்தம்? உங்க போன்ல வெச்சிருப்பீங்களே, நடுவர் விசில், அது மாதிரியே...

மாமனார்: எனக்கும் கேட்டுச்சு. உள்ள இருந்தா வருது?

மகள்: குக்கர்! குக்கர்ப்பா!

மாமனார்: ஓ.

மருமகன்: சரி. விஷயத்துக்கு வாங்க.

மாமனார்: விஷயம் என்ன விஷயம்... என்னைக் கேட்டா, ஒரு கோச்சுக்கு மூணு வருஷமாவது அவகாசம் குடுக்கணும்.

மருமகன்: ...யாரு பேசறது?

மாமனார்: நான்தான்.

மருமகன்: மீசைக்கார கோச்சை இடைவேளையில அனுப்பினது யாரு? பாதி மேட்ச் பாக்கி இருந்தது மாமா! தண்ணி குடிக்கப் போனவர் திரும்பி வரப்போ அவர் நாற்காலியில வேற ஆளு.

மாமனார்: அப்ப எனக்குப் பக்குவம் பத்தல.

மருமகன்: போன வருஷம்!

மாமனார்: மனுஷன் ஒரு வருஷத்துல எவ்வளவோ பக்குவப்படலாம். சில பேர் ஒரே காலையிலகூடப் படறாங்க. ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கணும்னு சும்மாவா சொன்னாங்க?

மருமகன்: இல்ல, இதுல ஏதோ இருக்கு. நீங்க என்னைத் திட்டுங்க மாமா. எனக்குப் பயமா இருக்கு.

மாமனார்: திட்டறதுக்கு என்ன இருக்கு? பசங்க புதுசு. அந்தக் கோல் கீப்பர் பையனையே எடுத்துக்குங்க. நல்ல பையன்.

மருமகன்: நல்ல பையன்தான். நிச்சயம் பண்ணின பொண்ணு கோல் கம்பத்துக்குப் பின்னாடி வந்து உட்கார்ந்தா. இவன் அந்தப் பக்கமே திரும்பி நின்னான். பந்து முதுகுல பட்டு உள்ள போச்சு.

மாமனார்: அவளை எதிர்ப் பக்கம் உட்கார வெச்சிருக்கலாமே?

மருமகன்: வெச்சேனே! நேத்து அதைத்தான் பண்ணேன். இப்ப நேராத்தான் பார்க்கறான். எதிராளி பந்தோட ஓடி வர்றான், இவன் அவனைப் பார்த்து, "தம்பி, கொஞ்சம் ஓரமாப் போ, மறைக்குது"ங்கறான்.

மாமனார்: அதான் ஏழா...

மருமகன்: அவனும் ஓரமாப் போயித்தான் போட்டான்.

மாமனார்: பாருங்க, இதெல்லாம் அவகாசம் குடுத்தா சரியாகிடும். கல்யாணம் ஆயிட்டா அவன் அந்தப் பக்கம் திரும்பியே பார்க்க மாட்டான்.

மகள்: கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேம்ப்பா!

மாமனார்: பொதுவாச் சொன்னேம்மா! ...மைதானம் வேற சரிவுன்னு சொன்னீங்களே?

மருமகன்: ஆமாம் மாமா. தெற்குப் பக்கம் சரிவு. மேல ஏறி விளையாட வேண்டியிருக்கு.

மாமனார்: இடைவேளைக்கப்புறம் பக்கம் மாத்துவாங்களே?

மருமகன்: மாத்தினா கீழ இறங்கணும். முட்டி வலிக்குதுங்கறானுங்க.

மகள்: ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!

மருமகன்: நீ டீயைப் போடு!

மாமனார்: விடுங்க மாப்பிள்ளை. கல்யாணமான புதுசுல நீங்க மட்டும் என்ன, முதல் நாளே கோலா போட்டீங்க? முதல் வருஷம் இந்த வீட்டுச் சாவி எங்க தொங்குதுன்னே உங்களுக்குத் தெரியாது. ரெண்டாம் வருஷம் தெரிஞ்சுக்கிட்டீங்க, தொலைச்சீங்க. ஏதாவது சொன்னோமா? பொறுத்துக்கிட்டோம் இல்ல?

மகள்: யாரு பொறுத்தது? மாடிக் குழாயைப் பிடிச்சு ஏறினது நானு!

மாமனார்: அவ பொறுத்துக்கிட்டா. நாங்க கீழ நின்னு பார்த்துக்கிட்டோம். சொல்ல வந்தது என்னன்னா, மாப்பிள்ளைக்குக் குடுத்த அவகாசத்தைக் கோச்சுக்கும் குடுக்கணும். கோச்சுக்கு மட்டும் இல்ல, தலைவருக்கும்தான் குடுக்கணும்.

மருமகன்: தலைவருக்கா? எதுக்கு?

மாமனார்: பின்ன? பதினோரு பேர் ஓடறாங்க. நீங்க ஓரத்துல நின்னு கத்தறீங்க. தலைவர் பாட்டுக்கு மேல ஒரு நாற்காலியில சிவனேன்னு உட்கார்ந்திருக்கார். அவர் யாருக்கு என்ன கெடுதல் பண்ணினார்? சிவனேன்னு இருக்கவரைப் போயி, "எழுந்திருங்க"ன்னா நியாயமா?

மருமகன்: யாரு சொன்னா?

மாமனார்: பொதுவாச் சொன்னேன்.

மருமகன்: இன்னிக்கு ரொம்பப் பொதுவாப் பேசறீங்க. சரி... மறுபடியும் கேக்கறேன். கோச்சுக்கு அவகாசம் குடுக்கணும்னு நீங்க மனசாரத்தான் சொல்றீங்களா?

மாமனார்: மனசார.

மருமகன்: அப்ப எனக்கு இன்னும் வேலை இருக்கு?

மாமனார்: என் கையில இருந்தா, அடுத்த மூணு வருஷத்துக்கு உங்களை யாரும் அசைக்க முடியாது.

மருமகன்: ஐயோ மாமா! இதை நேத்தே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? போனைக் குடுங்க! காலுல வேணும்னாலும் விழறேன், அந்தப் போனைக் குடுங்க!

மாமனார்: என்னங்க மாப்பிள்ளை, காலையெல்லாம் பிடிச்சுக்கிட்டு... விடுங்க... அப்படி என்னதான் இருக்கு அதுல?

மருமகன்: ...காலையில உங்களுக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினேன்.

மாமனார்: என்னன்னு?

மருமகன்: ராஜினாமான்னு.

மாமனார்: ராஜினாமாவா!

மருமகன்: மெதுவா! அவளுக்குத் தெரியாது. ராத்திரி பூரா தூக்கம் இல்ல. நீங்க தூக்கறதுக்கு முன்னாடி நானே போயிட்டா கௌரவமா இருக்கும்னு... அதுவும் மாமனார் கையாலயே அனுப்பி வெச்சாங்கன்னு நாளைக்கு நாலு பேர் சிரிப்பாங்களேன்னு... அனுப்பின அடுத்த நிமிஷமே மனசு கேக்கல. அழிக்கலாம்னு பார்த்தா, தப்பா அமுக்கிட்டேன். என் பக்கம் மட்டும் அழிஞ்சுது. உங்க பக்கம் அப்படியே இருக்கு.

மாமனார்: மாப்பிள்ளை, நம்ம கிளப் வரலாற்றுல ஒரு கோச்சும் தானாப் போனதில்ல. எல்லாரையும் நாங்கதான் அனுப்பியிருக்கோம். அது எங்களுக்குன்னு இருக்கற ஒரு மரியாதை.

மருமகன்: தெரியும். அதான், நீங்க கேக்கறதுக்கு முன்னாடி அழிச்சுடலாம்னு. கேட்டுட்டீங்களா? கேட்கலியே?

மாமனார்: கேட்கல.

மருமகன்: அப்பாடா! குடுங்க, அழிச்சுட்டு...

மாமனார்: போன் என்கிட்ட இல்ல.

மருமகன்: வீட்டுல வெச்சுட்டீங்களா? நான் ஓடிப் போயி எடுத்துட்டு வந்துடறேன்.

மாமனார்: வீட்டுல இல்ல.

மருமகன்: தொலைச்சுட்டீங்களா?

மாமனார்: ...அது என் போனே இல்ல மாப்பிள்ளை. கிளப் போன். தலைவர் யாரோ, அவங்ககிட்டதான் இருக்கும்.

மருமகன்: தலைவர் நீங்கதானே?

மாமனார்: காலை பத்து மணி வரைக்கும்.

மருமகன்: பத்து மணி வரைக்கும்னா?

மாமனார்: அப்படிப் பார்க்காதீங்க. கமிட்டியில எல்லாரும் ஒரே குரலாச் சொன்னாங்க, "உங்க மாப்பிள்ளையைத் தூக்குங்க"ன்னு. நான் மாட்டேன்னேன். இன்னும் அவகாசம் குடுப்போம், கட்டிக் குடுத்த பொண்ணு முகத்துல நான் எப்படி முழிக்கறதுன்னேன். செயலாளர் எழுந்தார். "தலைவர் மேல எங்களுக்கு முழு நம்பிக்கை இருக்கு"ன்னார்.

மருமகன்: ஐயோ!

மாமனார்: நான் கத்துக்குடுத்த வார்த்தை மாப்பிள்ளை. என்கிட்டயே திருப்பிட்டான். போனை மேசையில வெச்சேன், எழுந்து வந்துட்டேன். அடுத்த தலைவர் யாருன்னு கேட்கக்கூட நிக்கல. வீட்டுல உங்க அத்தைகிட்ட என்னன்னு சொல்லுவேன்? அதான் இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கிட்டு நேரா இங்க...

மருமகன்: எனக்காகவா மாமா? நீங்க எனக்காக வேலையை விட்டீங்க, நான் உங்களுக்காக...

மாமனார்: ஆமா. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல நடுத்தெருவுக்கு வந்திருக்கோம். நம்ம டீம்ல முதல் தடவையா ஒரு ஒத்துழைப்பு.

மருமகன்: புதுத் தலைவர்கிட்ட பேசிப் பார்க்கலாமா? யாரா இருந்தா என்ன, கை காலைப் பிடிச்சு, அவகாசம் குடுங்கன்னு... இந்த விசில் வேற... ஏம்மா, குக்கரை அணையேன்! மறுபடியும் அடிக்குது!

மாமனார்: மாப்பிள்ளை.

மருமகன்: என்ன மாமா?

மாமனார்: டீ போடறதுக்கு எதுக்குக் குக்கரு?

மருமகன்: அப்ப அந்த விசில்?

மாமனார்: அம்மாடி... கொஞ்சம் இப்படி வாயேன். கையில என்னம்மா அது?

மகள்: டீதாம்ப்பா. எடுத்துக்குங்க, ஆறிடப் போகுது. இன்னொரு கையில இருக்கற போனைத்தானே கேக்கறீங்க? செயலாளர் நீங்க வர்றதுக்கு முன்னாடியே பின்வாசல் வழியா வந்து குடுத்துட்டுப் போனார். இந்தக் குடும்பத்துல ஒரு ஆளாவது கோபப்படாம முடிவெடுக்கணுமாம். நீங்களே தலைவரா இருங்கன்னார், நான் சரின்னுட்டேன். அம்மாகிட்டயும் சொல்லியாச்சு, சிரிச்சு முடிச்சதும் கூப்பிடறேன்னாங்க. உங்களைத்தாங்க... உங்க குரல் பதிவை ரெண்டு தடவை கேட்டேன், நடுவுல மூக்கை உறிஞ்சினது நல்லா இல்ல. ராஜினாமாவை ஏத்துக்க முடியாது, நம்ம கிளப்புல யாரும் தானாப் போற வழக்கம் இல்ல. அவகாசம்தானே வேணும்? சாயந்திரம் மைதானத்துல மைக்ல பேசறேன், அது வரைக்கும் இருக்கு. இப்ப ஏன் ரெண்டு பேரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க? டீயைக் குடிங்க. எனக்கு உங்க ரெண்டு பேர் மேலயும் முழு நம்பிக்கை இருக்கு.