மாமியாரின் அலுமாரியில் கஞ்சாக் கன்று

நோர்பரி போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இருந்த மருமகனே, நீர் உம்முடைய மாமியாரை ஏமாற்றுகிறீர். பக்கத்தில் இருந்த கூட்டாளிக்கு நீர் சொன்னது முழுவதும் பின்சீட்டில் இருந்த எனக்குக் கேட்டது.

"அண்ணை, கஞ்சாக் கண்டு ஒரு முழம் வந்திட்டுது. மாமியின்ர அலுமாரிக்குள்ள லைட் பூட்டி வச்சிருக்கிறன்."

"உனக்குப் புதினாவே வளரேல்லை. இதெப்படி வளர்ந்தது?"

"வீடியோ பாத்துத்தான் நட்டனான். சாகப் பாத்தது. மாமிதான் ஒவ்வொரு நாளும் அரிசி கழுவின தண்ணி ஊத்தித் தூக்கிவிட்டவ."

"என்ன கண்டெண்டு அவவுக்குத் தெரியுமோ?"

"சுகர் வருத்தத்துக்கு மூலிகை எண்டு சொல்லி வச்சிருக்கிறன்."

"அட பாவி!"

"அதுதான் இப்ப கரைச்சல். மாமி கோயில்ல எல்லாருக்கும் சொல்லிப்போட்டா. ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் கிளை கேட்டு வருகினம்."

"அதில ஒராள் பொலிசுக்குச் சொன்னால்?"

"எனக்கென்ன? வீடு மாமியின்ர பேரில. தண்ணி ஊத்துறதும் அவதானே."

கூட்டாளி சிரிக்கவில்லை. நீர் சிரித்தீர்.

ஞாயிற்றுக்கிழமை அந்த நாலு பேரும் வரவேற்பறையில் இருக்கும்போது, உம்முடைய மாமியாரின் முகத்தைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லும்: பொலிஸ் வந்தால் அந்தக் கன்று யாருடையது என்று சொல்வீர்?