வெள்ளிக்கிழமைக் கோலம்

நிரஞ்சனா: ...அப்போ வைஃபை கணக்குக்கு, இந்தத் தோட்டத்து லய வரிசையில உங்க வீட்டைத் தவிர எல்லாம் காலின்னு எழுதவா, ஐயா?

முருகையா: எழுதும்மா. எல்லாரும் செனாவாங் டவுனுக்கு, பேக்டரி வேலைக்குப் போயிட்டாங்க.

நிரஞ்சனா: ஒரு வீட்டுக்காக வைஃபை போட மாட்டாங்க. ஆளு இருந்தாத்தான் வரும்.

முருகையா: வராட்டி போகட்டும்லா. நான் மண்டோரா இருந்து தோட்டத்துல வேலை வாங்குனப்போ வைஃபை வச்சா ஆளுங்கள மேய்ச்சேன்?

தனலெட்சுமி: அப்பா...

முருகையா: நீ உள்ள போ!

தனலெட்சுமி: அக்கா, ஆன்லைன் கிளாஸுக்கு நான் தண்ணித் தொட்டி மேல ஏறுறேன். அங்கதான் லைன் கிடைக்கும். கையைப் பாருங்க, விழுந்து...

முருகையா: தனம்! வாய மூடு.

நிரஞ்சனா: மாவுக்கட்டா... ஏன் ஐயா, மகளுக்காகவாவது...

முருகையா: நீங்க எந்த ஊரும்மா?

நிரஞ்சனா: ராசா டவுன்.

முருகையா: கிராணிங்க குடியேறின ஊரு. உங்க தாத்தா கிராணியா?

நிரஞ்சனா: ஆமா, தோட்டத்து ஆபீஸ்ல கணக்கு எழுதுனாரு.

முருகையா: அதான பார்த்தேன். கிராணி வீட்டுப் புள்ள எழுத வந்தா எங்களுக்கு ஏதாவது பறிபோகும்.

நிரஞ்சனா: பேரு வேணாம். எந்தெந்த வீட்ல ஆளு இருக்குன்னு மட்டும்...

முருகையா: காலிம்மா! எத்தனை தடவ சொல்றது?

நிரஞ்சனா: முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காதீங்க ஐயா. இன்னிக்கு வெள்ளிக்கிழமை. காலி வீட்டு வாசல்ல எல்லாம் யாரு கோலம் போட்டது?

தனலெட்சுமி: சொல்லிடுங்கப்பா.

முருகையா: மத்த வீட்டுக்காரங்ககிட்ட, கதவைச் சாத்திக்கிட்டு மூச்சு விடாம இருங்கன்னுதான் சொன்னேன். வெள்ளிக்கிழமை வாசலை வெறுமனே விடக்கூடாதாம்... கெடுத்தாளுங்க!

நிரஞ்சனா: எதுக்கு ஒளியணும்?

முருகையா: என் மவன் இன்னும் இங்க செம்பனைக் குலை வெட்டுறான், அதனால எங்களுக்கு வீடு இருக்கு. மத்தவங்க எல்லாம் வயசாகி வேலைய விட்டவங்க. வீட்டைக் காலி பண்ணுங்கன்னு கம்பெனி சொல்லிடுச்சு. ஆளு இருக்குன்னு தெரிஞ்சா தூக்கி வெளிய போட்டுடுவான். எங்க போவாங்க? பயமா இருக்கும்மா.

தனலெட்சுமி: அக்கா வைஃபைக்குத்தானே வந்திருக்காங்க? கம்பெனிக்கிட்ட எதுக்குச் சொல்லப் போறாங்க?

நிரஞ்சனா: ஆளிருக்கிற வீட்டைக் காட்டுனாத்தான் தோட்டத்துக்குள்ள விடுவேன்னு மேனேஜர் சொன்னாரு. நானும் சரின்னுதான் வந்தேன். இப்போ தோட்டத்து கேட் பக்கத்துல காடியை நிறுத்தி உள்ள உக்காந்திருக்காரு... வாளி எங்க இருக்கு தனம்? அவரு வர்றதுக்குள்ள கோலத்தையெல்லாம் கழுவி விட்டுடறேன்.