என் தம்பியின் தலையில் நான் கட்டிய பழி

அரை மணி நேரம் என்னை வாயாரப் புகழ்ந்துவிட்டு, இப்போது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே! என் நாவலைப் பாடமாக வைத்துப் பெருமை சேர்த்த இலக்கியத் துறைத் தலைவர் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்த பெருமக்களே! பிள்ளைகள் பரிசு வாங்குவதைப் பார்க்க, வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு ஓடோடி வந்திருக்கும் தாய்மார்களே! உட்கார இடமில்லாவிட்டாலும் உற்சாகத்துக்குக் குறைவில்லாத மாணவச் செல்வங்களே! உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்!

'கண்ட மனிதரும் கதை மனிதரும்' என்று தலைப்புத் தந்திருக்கிறார்கள். எழுதுகிறவரின் வாழ்க்கையில் வந்தவர்கள் எப்படிக் கதையில் வந்து உட்கார்கிறார்கள் என்று சொல்ல வேண்டுமாம். நல்ல தலைப்பு. ஆனால் நாவலாசிரியையைக் கூப்பிட்டு இதைக் கேட்பது, பூனையைக் கூப்பிட்டுப் பால் எங்கே போனது என்று கேட்பதைப் போல.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இன்னும் கொஞ்ச நேரம்தான் சிரிக்க முடியும்.

நான் யாரை விட்டேன்? மூக்கை ஒருவரிடம் எடுத்தேன், முணுமுணுப்பை மற்றவரிடம் எடுத்தேன். தபால் நிலையத்தில் முத்திரை குத்தும் அம்மாளின் பெருமூச்சை எடுத்தேன். பக்கத்து வீட்டுப் பல் மருத்துவரின் பயத்தை எடுத்தேன். கேட்டு எடுத்தேனா? இல்லை. திருப்பிக் கொடுத்தேனா? அதுவும் இல்லை. அதன் பலன் என்ன தெரியுமா? உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனால், நான் உட்கார்ந்ததும் பேச்சு நின்றுவிடும். "பாத்துப் பேசுங்கப்பா, எழுத்தாளர் வந்தாச்சு" என்று யாராவது சொல்வார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். பிறகு ஒருவர் தண்ணீர் குடிக்க எழுந்து போவார், ஒருவர் போன் பேசப் போவார். வரிசையில் நான் மட்டும் மிஞ்சுவேன். கடைசியாக ஒருவர் என்னிடம் தன் மனக்குறையைச் சொல்லி எத்தனை ஆண்டுகள் ஆயின என்று எண்ணிப் பார்த்தேன். எண்ணிக்கை பிடிபடவில்லை.

அது கிடக்கட்டும். உங்கள் பாடநூலுக்கு வருகிறேன்.

அந்த நாவலில் ஒரு மகன் வருகிறான். ஓட்டுநர். கண் தெரியாத தகப்பனைத் தன் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போய், முதியோர் இல்லத்தின் வாசலில் இறக்கிவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். போன ஆண்டு வினாத்தாளில் ஒரு கேள்வி: 'ஓட்டுநர் மகனின் கல்நெஞ்சத்தை எடுத்துக்காட்டுகளுடன் விளக்குக.' பத்து மதிப்பெண். எல்லோரும் நன்றாகவே எழுதியிருப்பீர்கள். வைது தீர்த்திருப்பீர்கள்.

அந்த மகன் பயணிகளைப் பார்த்து ஒன்று சொல்வான். "ஏறு ஏறு, ஏறினா இடம் தானா வரும்." சொல்லிவிட்டுச் சட்டை நுனியால் பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியைத் துடைப்பான். எங்கேயோ கேட்டது போல இருக்கிறதா?

அதோ, பின்வரிசையில் 'டிரைவர் அண்ணே' என்று ஒரு குரல் வருகிறது. ஆமாம் தம்பி. உங்கள் கல்லூரிப் பேருந்தை ஓட்டுகிறவர்தான். அவர் என் உடன்பிறந்த தம்பி. இது உங்கள் துறைத் தலைவருக்கே இந்த நொடியில்தான் தெரிகிறது. அவர் முகத்தைப் பாருங்கள்.

நீங்கள் அவருக்கு ஒரு பட்டப் பெயர் வைத்திருக்கிறீர்களாம். 'இறக்கிவிட்ட அண்ணன்.' பேருந்தைவிட்டு இறங்கும்போது, "அண்ணே, உங்கப்பாவை இறக்கிவிட்ட மாதிரி எங்களையும் நடுத்தெருவுல விட்டுராதீங்க" என்று சொல்லிச் சிரிப்பீர்களாம். உங்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. உங்கள் வாயில் அந்த வார்த்தையைப் போட்டவளே நான்தானே!

இனி நடந்ததைச் சொல்கிறேன். நாவலில் எழுதியதை அல்ல. நடந்ததை.

எங்கள் அப்பா வீடுகளுக்கு வண்ணம் அடிப்பவர். ஏணி மேலேயே வாழ்ந்த மனிதர். அறுபத்தெட்டு வயதில் இரண்டு கண்ணும் போயின. என்னோடுதான் இருந்தார். என் வீட்டில் மூன்று அறைகள். ஒன்றில் நான், ஒன்றில் அப்பா, ஒன்றில் என் மேசை. அப்பா சுவரைத் தடவிக்கொண்டே நடப்பார். நடந்துகொண்டே பேசுவார். நான் ஒரு வரி எழுதினால் ஒரு முறை கூப்பிடுவார். "பாப்பா, மணி என்ன? பாப்பா, மழையா? பாப்பா, இருக்கியா?"

இருக்கியா என்று கேட்பதற்காகவே ஒருவரை வெறுக்க முடியுமா? முடியும். நான் வெறுத்தேன்.

என் தம்பிக்கு அப்போது ஒற்றை அறை வீடு. மனைவி, மூன்று வயதுப் பெண் குழந்தை. அப்பாவை முதியோர் இல்லத்தில் விட நான் முடிவு செய்தது தெரிந்ததும் ஓடி வந்தான். "அக்கா, அப்பாவ நான் கூட்டிட்டுப் போறேன். எங்க வீட்ல ஒரு மூலை போதும் அவருக்கு" என்றான். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? சரி என்றல்லவா! ஆனால் என் புத்தி எங்கே போயிற்று தெரியுமா? மூன்று அறைக்காரி விட்டதை ஒற்றை அறைக்காரன் ஏற்றுக்கொண்டான் என்று நாலு பேர் பேசுவார்களே என்று போயிற்று. "அங்க வைத்தியம் பார்ப்பாங்கடா, நீ சும்மா இரு" என்று அவன் வாயை அடைத்தேன். மூத்தவள் சொல் தட்டாதவன். வண்டியை மட்டும் அவன் ஓட்டினான்.

அப்பாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனது நான். படிவத்தில் கையெழுத்துப் போட்டது நான். அப்பா அந்த அறையின் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "ரெண்டு கோட்டிங்தான் அடிச்சிருக்கான், ஏமாத்துக்காரன்" என்றார். பிறகு, "பாப்பா, இருக்கியா?" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. அங்கேயே மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். பிறகு இல்லாதவளைப் போல வெளியே வந்தேன். வண்டியில் தம்பி அழுதுகொண்டிருந்தான். "வண்டிய எடு" என்றேன். அவன் திரும்பித் திரும்பிப் பார்த்தான். பார்க்காதவள் நான்.

அப்பா அங்கே ஏழு வாரம்தான் உயிரோடு இருந்தார். ஏழு ஞாயிற்றுக்கிழமையும் தம்பி போய் அவருக்குச் சவரம் செய்துவிட்டு வந்தான். அந்த ஏழு வாரமும் நான் என்ன செய்தேன்? நாவலின் முதல் பகுதியை எழுதினேன். என் செயலைத் தனியாக எடுத்தேன். அதற்கு ஒரு முகம் வேண்டியிருந்தது. என் முகத்தைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. தம்பியின் முகத்தைக் கொடுத்தேன். அவன் பேச்சைக் கொடுத்தேன், அவன் சிரிப்பைக் கொடுத்தேன், அவன் தொழிலைக் கொடுத்தேன். பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பார்களே, அந்தப் பழிக்கு இடம் பார்த்துக் கொடுத்தவள் இந்த மேடையில் மாலையோடு நிற்கிறாள்!

வேண்டாம். கை தட்டாதீர்கள். இதற்குக் கை தட்டக் கூடாது.

போன மாதம் தம்பி மனைவி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. "அண்ணி, பொண்ணு ஆறு மாசமா அவர்கூடப் பேசறதில்ல. இந்தக் காலேஜுல சேர்ந்து உங்க புத்தகத்தப் படிச்சுட்டு, 'தாத்தாவ நீங்கதான் விட்டுட்டு வந்தீங்களாப்பா'ன்னு கேட்டா. இவரு ஆமான்னு சொல்லிட்டாரு. நான் ஒண்ணும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. நீங்களே ஒரு முடிவு பண்ணுங்க" என்றாள். செருப்பைக் கழற்றாமலே திரும்பிப் போய்விட்டாள்.

மறுநாள் மதியம் உங்கள் கல்லூரிப் பேருந்துக் கொட்டகைக்குப் போனேன். தம்பி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து மதியச் சாப்பாட்டைத் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"ஏன்டா ஆமான்னு சொன்னே?"

"பின்ன? நீ அத எழுதித்தானக்கா பேரு வாங்குனே. நான் இல்லைன்னு சொன்னா நீ எழுதுனது பொய்யின்னு ஆகும்ல."

"உன் பொண்ணுடா!"

"ரெண்டு நாள் கோவிச்சுக்குவா, அப்புறம் வந்துருவான்னு நினைச்சேன். வரல." டப்பாவை மூடினான். "எனக்குப் பின் சீட்டுலதான் உக்காருவா எப்பவும். இப்பக் கடைசி சீட்டு. கண்ணாடியில உச்சந்தலை மட்டும் தெரியுது."

"நான் மேடையில சொல்லப்போறேன்."

"வேண்டாங்க்கா. ஊரே உன்னத் திட்டும். எனக்காச்சும் வீட்டுல ரெண்டு பேர் இருக்காங்க. உனக்குன்னு யாருக்கா இருக்கா?"

அவன் அதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. உண்மையாகவே கவலைப்பட்டுக் கேட்டான். அப்பா போன பிறகு, இந்தப் பதினாறு ஆண்டுகளாக ஒருவரும் என்னிடம் கேட்காத கேள்வி. வீட்டுக்கு வந்து அந்த மூன்று அறைகளிலும் நடந்து பார்த்தேன். 'இருக்கியா' என்று கேட்க ஒரு குரல் இல்லை. வாய்விட்டு நானே கேட்டுப் பார்த்தேன். சுவர் பதில் சொல்லுமா?

அவையோரே! உயிருள்ள மனிதரிடமிருந்து பாத்திரம் பிறக்கட்டும், பிறக்கத்தான் செய்யும். அவர் நடையை எடுங்கள், உடையை எடுங்கள், நகைப்பை எடுங்கள். ஆனால் நீங்கள் செய்த பாவத்தை அவர் முதுகில் ஏற்றாதீர்கள். ஏனென்றால் உங்கள் கதையில் அவர் வாழ்வது இருநூறு பக்கம். அதற்குப் பிறகு அவர் கடைக்குப் போக வேண்டும், வேலைக்குப் போக வேண்டும், பெற்ற பெண்ணின் முகத்தில் விழிக்க வேண்டும். துறைத் தலைவர் அவர்களே, அடுத்த பதிப்பின் முதல் பக்கத்தில் இதையெல்லாம் என் பெயர் போட்டு எழுதப்போகிறேன். வினாத்தாளில் கல்நெஞ்சம் பற்றிக் கேளுங்கள்; விடையில் என் பெயர் வரட்டும்.

அம்மா, என் தம்பி மகளே! நீ இந்த அரங்கில்தான் இருக்கிறாய். எந்த வரிசை என்று நான் காட்ட மாட்டேன். உன் அப்பா உன்னிடம் ஒரே ஒரு பொய்தான் சொன்னார். அது எனக்காகச் சொன்னது. அத்தையை நீ மன்னிக்க வேண்டாம். அவரிடம் பேசு.

யாரோ எழுந்து வெளியே போகிறார்கள். திரும்பிப் பார்க்காதீர்கள். வழி மட்டும் விடுங்கள்.

சன்னல் பக்கம் நிற்கும் பிள்ளைகளே, இங்கிருந்து எனக்கு முற்றம் தெரியவில்லை. பேருந்துப் பக்கம் என்ன நடக்கிறது?

என்ன? சத்தமாகச் சொல்லம்மா. "பேசிக்கிட்டு இருக்காங்க மேடம்" என்கிறாள். யார் பேசுவது? "அந்தப் பொண்ணுதான். டிரைவர் அண்ணன் கீழ இறங்கிட்டாரு, அவர்..."

போதும் அம்மா, போதும். மிச்சத்தைச் சொல்லாதே. அது அவர்களுடையது. நீங்களும் பார்க்க வேண்டாம், எனக்கும் தெரிய வேண்டாம். அந்தச் சன்னலைச் சாத்திவிடுங்கள்.

இவ்வளவு நேரம் பொறுத்த தலைவருக்கும், புகழைக் கேட்க வந்து பழியைக் கேட்டுக்கொண்ட பெரியோர்க்கும், கண் துடைக்கும் தாய்மார்களுக்கும், கை தட்டாமல் இருந்த மாணவக் கண்மணிகளுக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி. நான் வந்தபடியே தனியாகப் போகிறேன். நீங்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் துணையாக வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்.