காற்றுச் சொன்னவள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் நித்திரை கொள்வதுதான் எனக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு. கிழமையில் ஐந்து நாள் ஒரு கார்டரியில், அதுதான் குழந்தைகள் காப்பகத்தில், அறுபது குழந்தைகளுக்குச் சமைக்கிறவள் நான். ஐந்து மணிக்கு எழும்பினால்தான் வீடு இருக்கிற பியர்பொன்ட்ஸிலிருந்து பஸ் பிடித்து நேரத்துக்குப் போய்ச் சேரலாம். சனிக்கிழமை வீட்டு வேலை. ஞாயிறு மாலைப் பூசைக்குப் போனாலும் கடவுள் ஏற்றுக்கொள்வார் என்று காலையில் படுத்திருப்பேன். அந்தக் காலைகளைத்தான் என் கணவர் அம்புறோஸ் எடுத்துக்கொண்டார். குறையாகச் சொல்லவில்லை. எங்கே தொடங்கியது என்று கேட்டீர்கள், அதற்காகச் சொல்கிறேன்.

உங்கள் பெயர் வித்தியா என்றீர்கள். பொலிஸ் அதிகாரி உங்களை மொழிபெயர்க்கக் கூட்டிவந்தது நல்லது. அவருக்கு நானே பிரெஞ்சில் சொல்லியிருப்பேன். ஆனால் இருபத்தெட்டு வருடம் ஒருவருக்காக மொழிபெயர்த்துக் களைத்துவிட்டேன். இன்றைக்கு அந்த வேலையை நீங்கள் பாருங்கள்.

நாங்கள் மன்னாரிலிருந்து வந்தவர்கள். வந்த வருடமே நான் பின்னேர வகுப்புக்குப் போய்ப் பிரெஞ்சு படித்தேன். அவர் ஒரு பாண் தொழிற்சாலையில் சேர்ந்தார். அவரோடு நின்று வேலை செய்தவர்கள் எல்லாரும் தமிழர்கள், மொழி தேவைப்படவில்லை. வெளியில் தேவைப்பட்டபோது நான் இருந்தேன். வங்கி, வைத்தியர், நகரசபைக் கடிதம், மகள் றொஷினியின் பள்ளிக்கூடக் கூட்டம், எந்தப் பல் நோகிறது என்று பல் வைத்தியருக்குச் சொல்வது வரை. அவர் என் பக்கம் திரும்பித் தமிழில் சொல்வார், நான் அந்தப் பக்கம் திரும்பிச் சொல்வேன். அவர் ஒருநாளும் கைநீட்டியதில்லை, குடித்ததில்லை. நீங்கள் கேட்கமுன் சொல்லிவிடுகிறேன்.

அறுபது வயதில் முழங்கால் நோவோடு வேலையை விட்டார். பிறகு ஆறு மாதம் யன்னலோரம் இருந்தார். மகள் ஒட்டாவாவில் இருந்து போன் எடுத்துக் கதைத்தாலும் ஓம், இல்லை, அவ்வளவுதான். மனதுக்குப் பிடித்த ஏதாவது செய்யச் சொல்லுங்கள் என்றார் வைத்தியர். அதையும் நான்தான் மொழிபெயர்த்தேன். ஒருநாள் அவர் போனை என்னிடம் நீட்டினார். யாரோ ஒருவர் புல்லில் குப்புறப் படுத்து, ஒரு கிலோமீற்றர் தள்ளி நிற்கும் இரும்புத் தட்டைச் சுடுகிற காட்சி. இதைப் பழகப் போகிறேன் என்றார். ஊரில் துவக்கைக் கண்டால் வேலிக்குள்ளால் ஓடியவர். ஏன் என்று கேட்டேன்.

"அங்கை துவக்குக்கு முன்னாலை நிண்டே காலம் போட்டுது. ஒருக்காப் பின்னாலை இருந்து பாப்பம்," என்றார்.

பயிற்சி வகுப்பு, அனுமதிப் பத்திரம் எல்லாவற்றுக்கும் நான் கூடப் போனேன். மனைவிக்கு ஆட்சேபம் உண்டா என்று கேட்டு ஓர் இடம் இருந்தது. இல்லை என்று கையெழுத்துப் போட்டேன். அது உண்மை. ஒரு மனிதன் ஞாயிற்றுக்கிழமை வெளியே போனால் வீடு அமைதியாக இருக்கும் என்றுதான் நினைத்தேன்.

துவக்கு மெலனி என்றொரு பிரெஞ்சுக்காரியிடம் வாங்கியது. அவளுக்கு அறுபத்தைந்து வயது, பள்ளி பஸ் ஓட்டுகிறவள். அவளுடைய தகப்பனுக்காக ஒரு துவக்குச் செய்பவர் தனியாகச் செய்து கொடுத்தது அது. தகப்பன் பாரிசவாதத்தில் விழுந்து கை வராமல் போனபிறகு இரண்டு வருடம் விற்பனைக்குக் கிடந்திருக்கிறது. அவர் இடக்கைக்காரர். ரவை ஏற்ற இழுக்கிற போல்ட் இடப்பக்கம், கன்னம் வைக்கிற மரம் இடக்கன்னத்துக்கு இழைத்தது. வலக்கைக்காரர் எவருக்கும் உதவாது. அம்புறோஸ் இடக்கைக்காரர். மெலனி வீட்டு நிலவறையில் அதைத் தோளில் வைத்துப் பார்த்தபோது அவர் முகத்தில் வந்த சிரிப்பை நான் என் கலியாணத்திலும் காணவில்லை.

துவக்கோடு தகப்பனின் கொப்பி ஒன்றும் வந்தது. எந்தத் தூரத்துக்கு எவ்வளவு உயர்த்துவது, எந்தக் காற்றுக்கு எவ்வளவு ஒதுக்குவது, ரவைக்கு எவ்வளவு வெடிமருந்து அடைப்பது, எல்லாம் பிரெஞ்சில். மூன்று வாரம் இருந்து தமிழில் எழுதிக் கொடுத்தேன். மருந்து விஷயத்தில் சிவப்பு மையால் கோடிட்ட ஓர் இடம் இருந்தது, இந்த அளவைத் தாண்டினால் துவக்கு முகத்தில் வெடிக்கும் என்று. அதையும் இலக்கம் பிசகாமல் எழுதிக் கொடுத்தேன். இதை அதிகாரிக்குச் சொல்லுங்கள். எனக்குக் கெட்ட எண்ணம் இருந்திருந்தால் அப்போதே முடிந்திருக்கும்.

சுடுகிற இடம் வடக்கே ஒரு மணி நேர ஓட்டம். அங்கே எல்லாரும் பிரெஞ்சுக்காரர். ஆகவே என் ஞாயிறு போயிற்று. அவர் பாயில் குப்புறப் படுப்பார், நான் பக்கத்தில் படுப்பேன். மெலனி பின்னால் பெரிய தொலைநோக்கி வைத்துப் பார்த்துச் சொல்வாள். அவள் 'கோஷ்' என்றால் நான் இடது என்பேன், 'துறுவாத்' என்றால் வலது. அவர் துவக்கின் மேலுள்ள ஸ்கோப்பின் திருகைக் கிளிக், கிளிக் என்று திருப்பிவிட்டு மூச்சைப் பிடிப்பார். வெடித்துச் சில வினாடி கழித்துத் தூரத்தில் தட்டு மெல்லக் கிணுங்கும். அல்லது கிணுங்காது. முதல் மூன்று மாதம் பெரும்பாலும் கிணுங்கவில்லை.

கோடை முடிவதற்குள் நானே தொலைநோக்கியில் பார்க்கத் தொடங்கினேன். வெயில் நாளில் நிலத்துக்கு மேலே கானல் ஓடும். அது சாய்கிற பக்கத்தையும் வேகத்தையும் பார்த்துக் காற்றைச் சொல்லலாம். எண்ணூறு மீற்றர் போவதற்குள் ரவையைக் காற்று இரண்டு முழம் தள்ளிவிடும், ஆகவே சொல்கிறவர் சரியாகச் சொல்ல வேண்டும். எனக்குக் கண் நல்லது. நான் சொன்னால் அவர் கேள்வி கேட்காமல் திருப்புவார், தட்டு கிணுங்கும். இருபதுக்குப் பதினேழு விழுந்த நாளும் உண்டு. மண்ணில் கிடந்து இடுப்பு நோகும், திங்கட்கிழமை கார்டரியில் பானை தூக்க முடியாது. களைப்புத்தான். அதைத் தவிர வேறொன்றும் இல்லை.

இரண்டாவது வருடம் ஜூன் மாதம் ஒருநாள், எண்ணூறு மீற்றர். நான் கானலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மெலனி பின்னால் வந்து நின்று, காற்று மாறிவிட்டது, இடப்பக்கம் இரண்டு என்று பிரெஞ்சில் சொன்னாள். நான் வாய் திறக்கவில்லை. அதற்குள் அவருடைய விரல் இரண்டு கிளிக் திருப்பிவிட்டது. சுட்டார். கிணுங்கியது. அவர் தலையைத் திருப்பி மெலனியிடம் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். உடைந்த பிரெஞ்சுதான், உன் கண் இளமை, என் கண் கிழம் என்கிற மாதிரி. அங்கே நின்ற ஆண்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பகிடியை எனக்கு யாரும் மொழிபெயர்க்கத் தேவையில்லை. ஆனாலும் அவர் என் பக்கம் பார்க்கவில்லை.

திரும்பி வரும்போது காரில் சொன்னார்:

"இனி நீர் ஞாயிறு படுத்து நித்திரை கொள்ளும், றோசா. பாவம், எவ்வளவு அலைஞ்சிட்டீர். நான் தனியச் சமாளிப்பன்."

அன்பாகத்தான் சொன்னார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அடுத்த ஞாயிறு பத்து மணி வரை கட்டிலில் கிடந்தேன். நித்திரை வரவில்லை. அது வயது.

மெலனியை இழுத்து ஒன்றும் எழுத வேண்டாம். அப்படி ஒன்றும் இல்லை. அவள் நல்ல பெண். செத்தவீட்டுக்கு வந்து என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள்.

பிறகு ஒவ்வொன்றாக நடந்தது. மருந்துக்கடைக்குத் தானே போய் வந்தார். பல் வைத்தியரிடம் நாள் குறித்த துண்டு ஒன்று குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்தது, அவருடைய எழுத்தில். நகரசபைக் கடிதம் வந்தால் உடைத்து வாசித்து, இது தண்ணீர்க் குழாய் விஷயம், எங்களுக்கு இல்லை என்பார். றொஷினி போனில் அப்பா மாறிவிட்டார் என்று சந்தோஷப்பட்டாள். நானும் சந்தோஷப்பட்டேன். ஒரு கடிதத்தை அவர் வைத்த இடத்திலிருந்து எடுத்து, சரியாகத்தான் விளங்கியிருக்கிறாரா என்று பார்த்தேன். சரியாகத்தான் விளங்கியிருந்தார்.

குளிர்காலத்தில் சுடுகிற இடத்தைப் பூட்டிவிடுவார்கள். பழக்கம் விட்டுப்போகக்கூடாது என்று அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். எங்கள் வீட்டிலிருந்து ஐந்து நிமிடத்தில் ஆறு. அந்த மூலையில் தண்ணீர் குடா போல உள்வாங்கி நிற்கும், ஜனவரியில் மீன்பிடிக்கிறவர்கள் கூடாரம் போடுவார்கள். இவர் துவக்கு இல்லாமல் போவார். உறைந்த ஆற்றின்மேல் நூறு நூறு மீற்றருக்கு ஒரு தடி நட்டு, தலையில் செம்மஞ்சள் நாடா கட்டினார். கரையிலிருந்து தொலைநோக்கியால் நாடாவைப் பார்த்துக் காற்றைக் கொப்பியில் குறிப்பார். காற்றுச் சொல்கிற என் வேலையை இனித் தானே செய்வதற்கான பயிற்சி.

மார்ச் மாதம் இரண்டாம் சனிக்கிழமை. இரண்டு நாள் மழை பெய்து ஓய்ந்திருந்தது. தடிகளைக் கழற்றி எடுக்கப் போகிறேன், துணைக்கு வாரும் என்றார். கரையில் ஒரு புதுப் பலகை. படம் இல்லாத பலகை, எழுத்து மட்டும். ஒரு படம் போட்டிருந்தால் நான் இன்று இங்கே இருந்திருக்க மாட்டேன். அதை வைத்தவர்களும் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும்.

அவர் பலகைக்கு முன்னால் நின்று விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார்.

"முதல் சொல் தெரியும், ஆபத்து. கிளாஸ் எண்டா ஐஸ். இது என்ன, மின்ஸ்?"

"மென்ஸ் எண்டு சொல்லோணும்," என்றேன்.

"மென்ஸ். அப்பிடியெண்டா?"

"வழுக்கிறது. ஐஸ் வழுக்குமாம், கவனமா நடக்கட்டாம்."

"ஓம், மழை பெஞ்சதுதானே," என்றார்.

காருக்குத் திரும்பிப் போய், சப்பாத்தில் இழுத்து மாட்டுகிற முள் வைத்த றப்பரை மாட்டிக்கொண்டு வந்தார். தொலைநோக்கியை எனக்கு நிறுத்தித் தந்தார். பிறகு இறங்கினார். வழுக்கும் என்று சொன்னதால் வலு கவனமாக, பாதத்தை அழுத்தி அழுத்தி வைத்து நடந்தார். முதல் தடியைப் பிடுங்கித் தோளில் வைத்தார். இரண்டாவதையும் பிடுங்கினார். மூன்றாவதற்குப் போகும் வழியில், தொலைநோக்கிக்குள், அவர் இடுப்பளவு குறைந்தார். ஐஸ் உடைந்த சத்தம் பிறகுதான் வந்தது. கை இரண்டு தரம் மேலே வந்தது. அவர் பிரெஞ்சில் கூப்பிடவில்லை, தமிழில் என் பெயரைத்தான் கூப்பிட்டார்.

தொலைநோக்கியை மடித்துப் பையில் வைத்தேன். காரில் போய் இருந்து போத்தலில் கொண்டுவந்த தேத்தண்ணீரைக் குடித்தேன். அவசர இலக்கத்துக்கு அடித்தபோது பதினொரு நிமிடம் ஆகியிருந்தது என்று அதிகாரி கண்டுபிடித்திருக்கிறார். சரியாக இருக்கும். நான் கதைத்த பிரெஞ்சு தெளிவாக இருந்தது. எடுத்த பெண் ஒரு சொல்லையும் திரும்பக் கேட்கவில்லை.

எல்லாரும் விபத்து என்றார்கள். நானும் அப்படியே விட்டிருப்பேன். கார் இருக்கையில் கிடந்த அவருடைய காற்றுக் கொப்பியைப் பொலிஸ் கடைசிப் பக்கத்திலிருந்து திறக்கும் என்று நினைக்கவில்லை. பின்பக்கம் அவர் சொற்கள் எழுதி வைத்திருந்தது எனக்குத் தெரியாது. நேற்று அதிகாரி காட்டித்தான் பார்த்தேன். நூற்று நாற்பத்திரண்டு சொற்கள், பென்சிலால், ஒவ்வொன்றின் பக்கத்திலும் தமிழ். மூச்சு, தோள், ரசீது, பல், அயலவர், மனைவி. எல்லாம் சரியான பொருள். கடைசிச் சொல், மென்ஸ், அதற்கு மட்டும் பிழை. முள் றப்பரை மாட்டும்போது எழுதியிருக்க வேண்டும்.

அதிகாரிக்கு இதைச் சரியாகச் சொல்லுங்கள். அந்தச் சொல்லுக்கு மெல்லியது என்று பொருள். கார்டரியின் சமையல் குறிப்புகளில் நாள்தோறும் வாசிக்கிற சொல், கரட்டை மெல்லிசாக வெட்டு என்று. ஐஸ் தாங்காது என்று எனக்குத் தெரியும். அவருக்கு நீந்தத் தெரியாது என்றும் தெரியும். தெரிந்துகொண்டுதான் அனுப்பினேன். ஏன் என்று கேட்டால் களைப்பு என்று போடுங்கள், அதுதான் உண்மைக்குக் கிட்ட.

ஆனால் அன்று காலையில் எனக்குக் களைப்பு இருக்கவில்லை. அந்த நூற்று நாற்பத்தொரு சொல்லில் ஒன்றைக்கூட அவர் என்னிடம் கேட்டு எழுதவில்லை, வித்தியா. ஒன்பது மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் என் பக்கம் திரும்பி, இது என்ன என்று கேட்டார். கேட்கிற மனிதருக்குச் சொல்லத்தானே வேண்டும்.