புது வீட்டு வாசலுக்கு வரும் லைசென்ஸ்

இலங்கை மலையகத்தில் வேலை தேடி ஹட்டனிலிருந்து அக்கரப்பத்தனைக்கு நான் போன பஸ்ஸில் எனக்கு நிற்கத்தான் இடம் கிடைத்தது. பக்கத்துச் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் சொன்னதைக் கேட்டு என் அரைத்தூக்கம் கலைந்தது.

"லைசென்ஸ் சோதனையில பாஸான சந்தோஷத்தவிட, அவங்க குடுத்த தாள்ல எங்க விலாசத்தப் பாத்துத்தான் அக்கா அழுதேன்."

"ஓட்டிக் காட்டுறப்ப பயப்படலையா?"

"பயந்தான். சோதிக்க வந்த ஆபீசர் மாத்தயா வாயத் தொறக்குறதுக்குள்ள சீட் பெல்ட்ட மாட்டிட்டேன். அவரே சிரிச்சிட்டாரு."

"விலாசத்துல என்னடி இருக்கு?"

"போன தடவ தோட்டத்து லயத்துல, தனி விலாசமில்லாத வரிசை வீட்டுல இருந்தோம்ல. சோதனைக்குக் கூப்பிட்ட கடிதம் தோட்டத்து ஆபீஸ்லயே கெடந்துச்சு. தேதி முடிஞ்சுதான் கையில குடுத்தாங்க. கடை வேன் ஓட்டுற வேலையும் வேற ஆளுக்குப் போயிருச்சு. இப்ப புது வீடு, தனி நம்பர். லைசென்ஸ் பதிவுத் தபால்ல நேரா எங்க வாசலுக்கே வரும். கடை வேன் ஓட்டுன அந்த ஆளும் வேலைய விட்டுட்டாரு; லைசென்ஸ் வந்தா அடுத்த நாளே வேன் சாவி என் கையில."

"தபால்காரரு வர்ற நேரம் நீ மலையில தேயிலைக் கொழுந்து எடுத்துக்கிட்டு இருப்பியே!"

பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி அவள் சிரித்தாள்.

"மலைக்குப் போனாத்தானே? நாளையிலருந்து கையெழுத்துப் போடப் பேனாவும் கையுமா வாசல்லதான் உக்காந்திருப்பேன்."