தலைவர் எழும்வரை

எங்கள் குடும்பத்தில் நாற்காலியை நேராகப் போடத் தெரிந்தவன் நான் ஒருவன்தான், இன்ஸ்பெக்டர் சார். மற்றவர்கள் உட்காரத் தெரிந்தவர்கள்.

நாங்கள் ஒரே பாட்டனின் வழிவந்தவர்கள். அந்தப் பெருமையை விட்டால் கையில் வேறு சரக்கு கிடையாது. மூத்த கிளையில் மூத்தவர் எவரோ அவர்தான் தலைவர். என் பெரியப்பாவும் அப்படி வந்தவர்தான். மூளை இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. அவர் உட்கார்ந்தால், அவராக எழும்வரை யாரும் எழக்கூடாது என்பது எங்கள் முறை. குடும்பக் கூட்டத்தில் அவர் தூங்கிப்போக, எங்களில் பெரிய பெரிய அதிகாரிகளெல்லாம் மூத்திரத்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இந்தக் கூத்தைப் பதிவு பெற்ற தொண்டு சங்கமாக மாற்ற நினைத்தேன். தலைவருக்குத் தேர்தல், ஏழைப் பிள்ளைகளுக்குப் படிப்புதவி. பெரியப்பா ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

"நான் கண்ண மூடினப்புறம் என்ன வேணா பண்ணிக்கோ."

நியாயமான பேச்சு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

வேண்டாம் என்று எல்லோர் முன்னாலும் சொல்வதற்காகவே, நான் எழுதிய சங்க விதிகளைக் கூட்டத்தில் என்னைப் படிக்கச் சொன்னார். இரண்டாம் பக்கத்தில் நெஞ்சைப் பிடித்தார். முகமெல்லாம் வேர்த்துவிட்டது. என் தங்கை கணவர் டாக்டர். நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"மச்சான், அவருக்கு முடியல."

"பெரியப்பா இன்னும் எழுந்திரிக்கலையே, மாப்பிள்ளை. முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

மாப்பிள்ளை பின்னால் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். படித்தவர், சார். மண்டபம் நிறைய ஆட்கள், ஒருவரும் அசையவில்லை. நான் நிதானமாக, ஓர் எழுத்து விடாமல் படித்தேன். பெரியப்பாவின் தலை தொங்கியதைச் சம்மதம் என்று சிலர் நினைத்தார்கள். நான் திருத்தவில்லை.

கடைசி விதி, தலைவர் உட்கார்ந்திருக்கும்போதும் உறுப்பினர்கள் எழலாம் என்பது. எல்லோரும் கை தூக்கி நிறைவேற்றினார்கள். அதன் பிறகு டாக்டர் ஓடினார். நாடி இல்லை.

மறு கூட்டத்தில் என்னைப் போட்டியின்றித் தலைவராக்கினார்கள். பதவி ஆசை எனக்கு என்றுமே கிடையாது.

அந்த விதியை முதலில் படித்திருக்கலாமே என்கிறீர்கள். அது முதல் பக்கத்தில்தான் இருந்தது. அன்று காலை பெரியப்பாவின் நெஞ்சுவலி மாத்திரை டப்பாவை எடுத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் கடைசிக்கு மாற்றினேன். கூட்டம் முடியும்வரை டப்பா என்னிடமே இருந்தது.

யாராவது ஒருவர் எழுந்திருந்தால் கொடுத்திருப்பேன்.