உறவு என்ற கட்டம்

— பணம் அனுப்பற இந்த ஃபாரத்துல மத்த எல்லாக் கட்டத்தையும் நிரப்பியிருக்கீங்க ஹோதன். பேரு, ஊரு, போன் நம்பர், தொகை எல்லாம் இருக்கு. உறவுங்கிற இந்த ஒண்ணு மட்டும் மாசாமாசம் காலி.

— காலியாத்தான் இருக்கும் மார்கிட் மேடம். நான்தான் காலியா விட்டேன்.

— மறந்துட்டீங்களா?

— இதோ கொழுந்தனார் நிக்கறாரு, அவரக் கேளுங்க. இந்த ஜன்னல்ல உக்காந்த நாள்ல இருந்து ஒரு கட்டத்த மறந்திருக்கேனா நான்?

— அண்ணி, கொஞ்சம் அடங்கிப் பேசுங்க. இவங்க மாநில அதிகாரி. மேடம், நான் லிபான். எங்க அண்ணன் ஆரம்பிச்ச கடை இது. ஊருக்குப் பணம் அனுப்பணும்னா இந்த மினியாபொலிஸ்ல எங்க சோமாலி ஜனம் மொதல்ல இங்கதான் வரும். அண்ணன் மௌத்தானதுக்கு அப்புறம் பாதி என் பேர்ல, பாதி அண்ணி பேர்ல. நான் லாரி ஓட்டறவன். கணக்கெல்லாம் அவங்கதான்.

— தெரியும் லிபான். லைசென்ஸ்ல ரெண்டு பேர் பேரும் இருக்கு. அதனாலதான் ரெண்டு பேரையும் இருக்கச் சொன்னேன்.

— அப்ப உக்காந்தே பேசுவோம். டீ எடுத்துக்கோங்க மேடம், ஏலக்காய் போட்டது.

— நீங்க ரெண்டு பேரும் நோன்பு. நான் மட்டும் எப்படிக் குடிக்கிறது?

— குடிங்க. கடைய மூட வந்தவங்களுக்கும் தொண்டை காயும்ல.

— நான் மூட வரல. சரி, விஷயத்துக்கு வர்றேன். தஹபோ ஜாமான்னு ஒரு அம்மா, சோமாலியாவுல கல்காயோ ஊர்ல இருக்காங்க. மூணு வருஷமா மாசம் தவறாம அவங்களுக்குப் பணம் போகுது. அனுப்பறவங்க பேரு ஹோதன், நீங்களே. அவங்க உங்களுக்கு என்ன வேணும்னு கேட்ட எடத்துல ஒண்ணுமே இல்ல.

— அனுப்பறது நான். அதனால என் பேரு. இதுல என்ன தப்பு?

— கடை முதலாளி தன் பேர்லயே அனுப்பி, உறவையும் சொல்லலன்னா, பின்னால வேற யாரோ பணத்தக் குடுத்து அனுப்பச் சொல்றாங்கன்னு அர்த்தம். தன் பேரு வெளிய வரக்கூடாதுன்னு நெனைக்கற ஆளு.

— அந்த அர்த்தம் நீங்க கண்டுபிடிச்சது.

— சட்டம் அப்படித்தான் பாக்கும்.

— பாக்கட்டும். கைரேகை கேட்டீங்க, குடுத்தேன். பிணைப்பத்திரம் கேட்டீங்க, கட்டினேன். எங்க ஆளுங்க பணம்னாலே சந்தேகம்னு பாங்குக்காரன் கணக்க மூடித் தொரத்தினப்ப, ஒவ்வொரு பாங்கு வாசலா ஏறி எறங்கினேன். அப்பல்லாம் உங்க சட்டம் எங்க போயிருந்துச்சு? வெளிய நிக்கற வரிசையப் பாருங்க. பனியில கால் மரத்துப்போய் நிக்கறாங்க, பெருநாளுக்கு முன்னாடி அனுப்பிடணும்னு. அவங்களக் கேளுங்க, ஹோதன் திருட்டுப் பணத்த அனுப்பறவளான்னு.

— அவங்க நல்லவங்கன்னு சொல்றது ஆதாரம் ஆகாது ஹோதன். என் பையில ஒரு ஆர்டர் இருக்கு. கதவுல ஒட்டிட்டேன்னா அந்த நிமிஷமே லைசென்ஸ் சஸ்பெண்ட். அதுக்கப்புறம் யார்கிட்டயும் ஒரு டாலர் கூட வாங்கக் கூடாது. நீங்க விசாரணை கேக்கலாம், நீதிபதிகிட்ட வாதாடலாம். ஆனா அது முடியற வரைக்கும் கடை பூட்டினது பூட்டினதுதான்.

— பெருநாள் சமயத்துலயா மேடம்? அங்க புள்ளைங்க புதுத்துணிக்கு வாசலப் பாத்துக்கிட்டு இருக்கும்.

— கெஞ்சாதீங்க லிபான்.

— கெஞ்சல அண்ணி, கேக்கறேன். நீங்கதான் கேக்க மாட்டேங்கறீங்களே.

— இன்னொரு வழியும் இருக்கு. சமரசமா முடிச்சுக்கலாம். ஹோதன் இனிமே இந்தத் தொழில் பக்கமே வர்றதில்லன்னு கையெழுத்துப் போடணும். இந்தக் கடையில மட்டுமில்ல, இந்த மாநிலத்துல எங்கயும். அப்படின்னா கடை தொறந்திருக்கும், லிபான் நடத்தலாம்.

— நானா? மேடம், எனக்கு ஸ்டியரிங் புடிக்கத்தான் தெரியும். அண்ணி இல்லன்னா ஒரே வாரத்துல நீங்க மூட வேண்டாம், நானே மூடிடுவேன்.

— கேட்டுக்கிட்டீங்களா? அந்தத் தாள மடிச்சு உள்ள வைங்க மேடம். நான் போட மாட்டேன். திருடிட்டு ஓடறவ மாதிரி என் புருஷன் கடைய விட்டு நான் ஏன் போகணும்?

— அப்பக் கட்டத்த நிரப்புங்க. ஒரே ஒரு வார்த்தை.

— மாட்டேன்.

— அண்ணி, எனக்கே புரியல. யாரு அந்தத் தஹபோ? உங்க பெரியம்மா பொண்ணா?

— இல்ல.

— எங்க வழியிலயும் கெடையாது. எங்க பாட்டன் முப்பாட்டன் பேர மூச்சு விடாம இருபது தலைமுறைக்குச் சொல்லுவேன். கெளை விட்டு கெளை தாவினாலும் இந்தப் பொம்பள பேரு வரல.

— நாங்களும் தேடினோம் லிபான். இந்த ஊர்ல ஜாமான்னு பேர் இருக்கறவங்க யாராவது அவங்க மகனா மகளா இருப்பாங்களோன்னு பாத்தோம்.

— நல்லாத் தேடினீங்க. எங்க பொம்பளைங்க கல்யாணம் கட்டினாலும் அவங்க அப்பா பேரோடயேதான் இருப்பாங்க. புள்ளைங்களுக்கு அவங்க அப்பா பேரு. தாய் பேர வெச்சுப் புள்ளையப் புடிக்க முடியாது மேடம்.

— அப்ப அவங்களுக்கு ஒரு புள்ளை இருக்கு ஹோதன்.

— நான் அப்படிச் சொல்லல.

— இப்பத்தான் சொன்னீங்க.

— அண்ணி, அந்தப் புள்ளை இங்கயா இருக்கான்? பேப்பர் இல்லாம ஒளிஞ்சுக்கிட்டு இருக்கறவனா? அவனக் காப்பாத்தவா அண்ணன் கடையப் பலி குடுக்கறீங்க?

— அவன்கிட்ட பேப்பரெல்லாம் சரியா இருக்கு.

— அப்ப அவனே வந்து அனுப்ப வேண்டியதுதானே.

— முன்னாடி வந்துக்கிட்டுத்தான் இருந்தான். மாசம் பொறந்தா வரிசையில மொத ஆளா நிப்பான். இப்ப அவனால வர முடியாது.

— பணம் அவனோடதா ஹோதன்?

— வல்லாஹி, அல்லா மேல சத்தியமா ஒரு காசு அவனோடது இல்ல. கமிஷன்ல என் பங்குக்கு வர்றதுல இருந்து எடுக்கறேன். இந்தாங்க பாங்குக் காகிதம், மாசாமாசம் பாருங்க.

— சரியாத்தான் இருக்கு. இத மொதல்லயே காட்டியிருக்கலாமே.

— நீங்க பணத்தப் பத்திக் கேக்கல. உறவப் பத்திக் கேட்டீங்க.

— ஏன் அனுப்பறீங்க?

— அவன் வர்றது நின்னதுக்கு அப்புறமும் அந்த அம்மா மாசம் பொறந்தா கல்காயோல நம்ம ஆளு கடைக்கு வந்து கதவோரமா உக்காந்துடுமாம். நாலு மாசம் அப்படி உக்காந்துட்டு வெறுங்கையோட எழுந்து போச்சாம். இனிமே பணம் வராதுன்னு சொல்ல அந்தக் கடைக்காரனுக்கு வாய் வரல. என்கிட்ட கேட்டான், எனக்கும் வரல. அனுப்பிட்டேன்.

— பணம் உங்களோடதுன்னா பாதிச் சிக்கல் தீந்துச்சு. மிச்சத்துக்கு எனக்கு அந்த உறவு வேணும், ஏன்னா முதலாளி விட்ட காலிக் கட்டத்த என் மேலதிகாரி ஒத்துக்க மாட்டார். லிபான் வெளிய இருக்கட்டும். என்கிட்ட மட்டும் சொல்லுங்க.

— சொன்னா அறிக்கையில எழுதுவீங்க. அந்த அறிக்கை யார் யாருக்குப் போகும்?

— லைசென்ஸ்ல பேர் இருக்கற எல்லாருக்கும். அது விதி, அத மாத்த எனக்கு அதிகாரம் இல்ல.

— அதானே. கதவ மூட அதிகாரம் இருக்கு, என் தொழிலப் புடுங்க அதிகாரம் இருக்கு. ஒரு வார்த்தைய ஒருத்தர் கண்ணுல படாம வைக்க மட்டும் இல்ல.

— என்கிட்ட இருந்தா ஒளிக்கறீங்க அண்ணி? இவங்ககிட்ட இருந்து இல்லையா?

— மாநிலத்துக்கு நான் எப்பப் பயந்திருக்கேன் லிபான்?

— ஹோதன், சத்தியம் வாங்கிக் கேக்கற அதிகாரம் எனக்கு இருக்கு. இப்ப அதத்தான் எடுக்கறேன். வலது கையத் தூக்குங்க. பதில் சொல்லலன்னா போகும்போது ஆர்டர ஒட்டிட்டுத்தான் போவேன். இதச் செய்ய எனக்குப் புடிக்கல. ஆனா செய்வேன்.

— ஒட்டறதுன்னா ஒட்டிக்கோங்க, அதுக்குப் பயந்து நான் கையத் தூக்கல. இந்தா பாருங்க, தூக்கிட்டேன். மூணு வருஷமா சொந்தக் கடையில உக்காந்து ஒரு கட்டத்தப் பாத்துப் பயந்துக்கிட்டு இருந்திருக்கேன். போதும். எனக்கே என் மேல வெறுப்பா இருக்கு. லிபான், நான் சொல்லி முடிக்கற வரைக்கும் நீங்க எழுந்து போகக் கூடாது.

— போகல. அது யாரா வேணா இருக்கட்டும், நான் உங்க பக்கம்தான்.

— அத அப்புறம் பாக்கலாம். நம்ம கூலேத் மௌத்தான அந்த வாரம் ஞாபகம் இருக்கா? கொன்னவன் பக்கத்துப் பெரியவங்க அஞ்சு பேரு வீட்டுக்கு வந்தாங்க. ரத்தத்துக்கு ஈடா நூறு ஒட்டகத்தோட வெலையத் தர்றோம், வாங்கிக்கிட்டு மன்னிச்சுடுங்கன்னு.

— அத ஏன் இப்பக் கெளறீங்க? செத்தது என் அண்ணன் புள்ளை. இருபது வயசு. கதவ மூஞ்சியில சாத்தினேன். நம்ம வீட்டாளுங்க எவனும் அந்தக் குடும்பத்தோட வாசல மிதிக்கக் கூடாது, பேர எடுக்கக் கூடாதுன்னு சொன்னேன். இன்னிக்குக் கேட்டாலும் அதான் சொல்லுவேன்.

— அன்னிக்கு என்னை யாரும் கேக்கல. பெத்தவ நான், உள்ளறையில உக்காந்திருந்தேன். மன்னிக்கறதா வேண்டாமான்னு ஆம்பளைங்களே பேசி முடிச்சுட்டீங்க.

— ஹோதன், நீங்க சத்தியத்துல இருக்கீங்க. கேள்விக்குப் பதில் சொல்லுங்க. தஹபோ ஜாமா உங்களுக்கு யாரு?

— எழுதிக்கோங்க மேடம், இவருக்கும் ஒரு பிரதி அனுப்புங்க. என் கூலேத்தச் சுட்டுக் கொன்னுட்டு ஜெயில்ல கெடக்கறானே, அவனப் பெத்தவ.